வயிற்றில் ஒரு புதிய வாசல்: ஸ்டோமா உள்ளவரைப் பராமரிப்பது எப்படி?

நமது வீடுகளில் நோயாளியைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் தோள்களிலேயே விழுகின்றது. காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்பதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் நமக்குப் பழகிப்போன வேலைகள். ஆனால், குடலில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஒருவர் வயிற்றில் ஒட்டிய பையுடன் வீடு திரும்பும்போது அனுபவமிக்க தாய்மாரும் திகைத்துப் போகின்றனர். இது புண்ணா? தொட்டால் வலிக்குமா? எப்படிக் கழுவுவது? என்ன சாப்பாடு கொடுப்பது? அயலவர் அறிந்தால் என்ன நினைப்பார்கள்? இப்படி எத்தனையோ கேள்விகள் மனதைக் குடைகின்றன.

நோயாளியின் மனநிலையோ இதைவிடச் சங்கடமானது. பை நிறைந்துவிடும் என்ற பயத்தில் அவர் சாப்பாட்டைக் குறைக்கிறார். தண்ணீர் கேட்பதற்கும் கூச்சப்படுகிறார். வெளியில் போவதை நிறுத்திவிடுகிறார். "சும்மாவே தண்ணியாய்ப் போகுது, இன்னும் குடித்து என்ன செய்ய?" என்று அவர் சொல்லும்போது வீட்டிலுள்ளவர்களுக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால், சில வகை ஸ்டோமாக்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எனவே வைத்தியசாலையில் துண்டு வெட்டுவதற்கு முன்னர் நீங்கள் கேட்டறிய வேண்டிய முதற் கேள்வி இதுதான்: "இது எந்த வகை ஸ்டோமா?" உணவு, நீர், பை, தோல் பராமரிப்பு, மருந்து ஆகிய அனைத்தும் அந்த ஒரு பதிலிலேயே தங்கியுள்ளன.

ஸ்டோமா என்றால் என்ன?

ஸ்டோமா என்பது கிரேக்க மொழியில் 'வாய்' எனப் பொருள்படும் சொல். குடலின் ஒரு பகுதியை வயிற்றின் முன்சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, அதன் விளிம்பை மடித்துத் தோலுடன் சேர்த்துத் தைப்பதன் மூலம் இந்த வாய் உருவாக்கப்படுகின்றது. மலம் அதனது வழமையான பாதையால் செல்லாமல் இவ்வாசலினூடாக வெளியேறி, வயிற்றில் ஒட்டப்பட்ட பையில் சேர்கின்றது. இத்தகைய சத்திரசிகிச்சையைப் பொதுவாக 'ஒஸ்டமி' என்பர்.

இவ்வாசலில் மலவாயிலில் இருப்பது போன்ற இறுக்கும் தசை கிடையாது. ஆகையால் மலத்தையும் வாயுவையும் நினைத்த நேரத்தில் அடக்கி வைக்க முடியாது. இது நோயாளியின் கவனக்குறைவு அல்ல. இதை வீட்டிலுள்ள சிறுவர்கள் உட்பட அனைவரும் விளங்கிக்கொள்வது அவசியம்.

இது ஏன் தேவைப்படுகின்றது?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று. இலங்கையில் ஆண், பெண் இருபாலாரிடமும் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இதுவும் அடங்கும். குடலடைப்பு, குடலில் துவாரம் ஏற்படுதல், குடலின் நீண்டகால அழற்சி நோய்கள், விபத்துகளிலும் வன்முறையிலும் வயிற்றைத் துளைக்கும் காயங்கள் என்பனவும் காரணங்களாகும். மலவாயில் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும், குடலின் நரம்புக் கலங்கள் குறைபாடாக அமையும் ஹேர்ஷ்பிரங் நோயுள்ள குழந்தைகளுக்கும் இது தேவைப்படலாம். இக்குறைபாடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகின்றன.

சிலருக்கு இது தற்காலிகமானது. குடலை வெட்டி இணைத்த இடம் நன்கு ஆறும்வரை மலம் அவ்விடத்தைத் தொடாமல் இருப்பதற்காக அமைக்கப்பட்டு, சில மாதங்களின் பின்னர் மூடப்படும். மலக்குடலும் மலவாயிலும் முற்றாக அகற்றப்பட்டவர்களுக்கு இது நிரந்தரமானது. எது எப்படி என்பதை வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். நிரந்தரமான ஒன்றை "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று நோயாளிக்கு மறைப்பது அவருக்கு நன்மை தராது.

இடம் மாறினால் எல்லாமே மாறும்

குடல் செய்யும் வேலையை அறிந்தால் ஸ்டோமாவின் வகைகளை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். நாம் உண்ணும் உணவு சுமார் 6 மீற்றர் நீளமான சிறுகுடலில் சமிபாடடைந்து, அதன் சத்துகள் அங்கேயே உறிஞ்சப்படுகின்றன. எஞ்சும் பகுதி கூழ் போன்ற நிலையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் அளவில் பெருங்குடலை அடைகின்றது. சுமார் 1.5 மீற்றர் நீளமான பெருங்குடல் அதிலுள்ள நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ள, அது படிப்படியாக இறுகி மலமாகின்றது. எனவே வாசல் எவ்வளவு மேலே அமைகிறதோ, வெளியேறுவது அவ்வளவு நீர்த்தன்மையாக இருக்கும். எவ்வளவு கீழே அமைகிறதோ, அவ்வளவு இறுக்கமாக இருக்கும்.

கொலொஸ்டமி: பெருங்குடலிலிருந்து அமைக்கப்படுவது. பெருங்குடலின் கடைசிப் பகுதிகளில் அமைந்தால், வாசல் வழமையாக வயிற்றின் இடது கீழ்ப்புறத்தில் இருக்கும். மலம் ஏறத்தாழ வழமைபோல இறுகியதாகவும், நாளுக்கு ஓரிரு தடவைகள் மட்டுமே வெளியேறுவதாகவும் இருக்கும். குடல் வயிற்றின் குறுக்காகச் செல்லும் பகுதியில் அமைந்தால், வாசல் மேல் வயிற்றில் காணப்படும். மலம் களி போன்று மென்மையாக இருக்கும். பெருங்குடலின் ஆரம்பப் பகுதியில் அமைவது அரிது. அவ்வாறு அமைந்தால் மலம் நீர்த்தன்மையாகவே வெளியேறும்.

இலியோஸ்டமி: சிறுகுடலின் இறுதிப் பகுதியிலிருந்து அமைக்கப்படுவது. பெரும்பாலும் வயிற்றின் வலது கீழ்ப்புறத்தில் இருக்கும். வெளியேறுவது கூழ் அல்லது கஞ்சி போன்றிருக்கும். நாள் முழுவதும் சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும். இதில் சமிபாட்டு நொதியங்கள் கலந்திருப்பதால் தோலில் பட்டால் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும். இதனாலேயே இலியோஸ்டமி, தோல் மட்டத்திலிருந்து 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை ஒரு சிறு குழாய்முனை போலத் துருத்திக்கொண்டிருக்குமாறு அமைக்கப்படுகின்றது. 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் பிரையன் புரூக் அறிமுகப்படுத்திய முறை இது. அது துருத்தி நிற்பதைக் கண்டு குடல் வெளியே வந்துவிட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை.

ஜெஜுனோஸ்டமி: சிறுகுடலின் இன்னும் மேலான பகுதியிலிருந்து அமைக்கப்படுவது. மலம் வெளியேறுவதற்காக இது அமைக்கப்படுவது குறைவு. அவ்வாறு அமைந்தால் மிக அதிகமான நீரும் உப்பும் இழக்கப்படும் என்பதால் வைத்தியர்களின் நெருங்கிய கண்காணிப்பு தேவை. இதே பெயரில், குழாயினூடாக உணவு செலுத்துவதற்காக அமைக்கப்படும் துவாரமும் உண்டு. அதற்குப் பை தேவையில்லை, பராமரிப்பும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவை தவிர, வாசலின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. வெட்டப்பட்ட குடலின் ஒரு முனை மட்டும் வெளியே வருமாயின் ஒரு துவாரமே தெரியும். குடலை வெட்டி முற்றாகப் பிரிக்காமல் ஒரு வளையமாக வெளியே இழுத்துத் திறந்திருந்தால், ஒரே வாசலில் இரண்டு துவாரங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மலமும் மற்றையதிலிருந்து சளி போன்ற திரவமும் வரும். அந்த வளையம் உள்ளே நழுவாதிருக்க அதன் கீழே ஒரு பிளாஸ்ரிக் கோல் வைக்கப்படுவதுண்டு. அதை வைத்தியசாலையில் அகற்றுவர், வீட்டில் இழுக்கக் கூடாது. மலக்குடல் அகற்றப்படாதிருந்தால் மலவாயில் வழியாகவும் இடையிடையே சளி வெளியேறலாம். அது இயல்பானதே.

இடம் குறிக்கும்போது வாய் திறந்து பேசுங்கள்

அவசர சத்திரசிகிச்சை தவிர்ந்த சந்தர்ப்பங்களில், வாசல் அமையவுள்ள இடத்தை முன்கூட்டியே பேனையால் குறித்துக்கொள்வார்கள். நோயாளியைப் படுக்க, இருக்க, நிற்க, குனியச் செய்து வயிற்றின் மடிப்புகளைப் பார்ப்பார்கள். தொப்புள், பழைய தழும்பு, மடிப்பு, எலும்பு முனை ஆகியவற்றிலிருந்து விலகிய, நோயாளி தன் கண்ணால் பார்க்கக்கூடிய இடமே உகந்தது. சேலையின் கொசுவத்தை எங்கே செருகுவீர்கள், பாவாடை நாடாவை எந்த மட்டத்தில் இறுக்குவீர்கள், ஆண்களாயின் சாரத்தை எவ்விடத்தில் கட்டுவார்கள் என்பவற்றைத் தயங்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அந்த உடையைக் கட்டிக் காட்டுங்கள். நாடா இறுக்கும் இடத்தில் வாசல் அமைந்தால் பின்னர் ஒவ்வொரு நாளும் சிரமமே.

ஆரோக்கியமான ஸ்டோமா எப்படி இருக்கும்?

நமது வாயின் உட்புறத்தைப் போலச் சிவந்து, ஈரலிப்பாக, பளபளப்பாக இருக்கும். அதில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் தொட்டால் வலிக்காது. வலிக்காது என்பதாலேயே அது காயப்பட்டாலும் நோயாளிக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே கூரிய நகம், இறுக்கமான பட்டி, பையின் விளிம்பு என்பன அதில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைக்கும்போது மேற்பரப்பில் ஓரிரு துளி இரத்தம் கசிவது சாதாரணம். ஈரத் துணியால் மெதுவாக அழுத்தினால் நின்றுவிடும்.

சத்திரசிகிச்சை முடிந்த புதிதில் அது வீங்கியிருக்கும். பின்னர் 6 முதல் 8 வாரங்களுக்குள் படிப்படியாகச் சுருங்கும். ஆகவே வைத்தியசாலையில் வெட்டித் தந்த அளவையே தொடர்ந்து பின்பற்றக் கூடாது. இக்காலத்தில் பை மாற்றும்போது வாரம் ஒரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும்.

பை மாற்றும் முறை

பைகள் பல வகைப்படும். அடியில் திறந்து வெளியேற்றக்கூடிய பை இலியோஸ்டமிக்கும் மென்மையான மலத்துக்கும் ஏற்றது. அடி மூடிய பை, இறுகிய மலம் வெளியேறும் கொலொஸ்டமிக்கு ஏற்றது. அது நிறைந்ததும் கழற்றி அகற்றப்படும். தோலில் ஒட்டும் தட்டும் பையும் ஒன்றாக இணைந்தவையும் உண்டு, தனித்தனியானவையும் உண்டு.

பையில் மூன்றிலொரு பங்கு, கூடினால் அரைவாசி நிறைந்ததும் வெளியேற்றிவிட வேண்டும். இலியோஸ்டமி உள்ளவர் நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவைகள் வரை இவ்வாறு செய்ய நேரிடும். அதற்கு மேல் நிறையவிட்டால் பாரம் தாங்காமல் ஒட்டு இளகிவிடும். ஒட்டுந் தட்டைப் பொதுவாக 2 முதல் 4 நாட்களுக்கு ஒருமுறை மாற்றலாம். நமது நாட்டின் வெப்பத்தாலும் வியர்வையாலும் சிலருக்கு இன்னும் விரைவில் மாற்ற வேண்டியிருக்கும். கசிவு, அரிப்பு, எரிவு ஏற்பட்டால் நாள் பாராமல் உடனே மாற்ற வேண்டும். கசியும் தட்டின் மேல் பிளாஸ்ரர் ஒட்டிச் சமாளிப்பது தவறு. மலம் தட்டின் அடியில் தேங்கித் தோலை அரித்துக்கொண்டே இருக்கும்.

மாற்றுவதற்கு மிக நல்ல நேரம் காலையில் சாப்பிடுவதற்கு முன்னர். அப்போது குடலின் இயக்கம் குறைவாக இருக்கும். தேவையானவை: புதிய பை, அளவு பார்க்கும் அட்டை, கத்தரிக்கோல், பேனை, இளஞ்சூட்டு நீர், சுத்தமான மென்மையான துணித் துண்டுகள், கழிவுக்கு ஒரு பொலித்தீன் பை. நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் இதற்கு மிகவும் பொருத்தமானவை.

1. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பழைய பையிலுள்ளதை மலசலகூடத்தில் வெளியேற்றுங்கள்.

2. ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டை மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் நனைத்து உரியுங்கள்.

3. கழற்றிய தட்டின் பின்புறத்தைப் பாருங்கள். மலம் எந்தப் பக்கமாக ஊறியுள்ளது என்பதைக் கொண்டு கசிவு எங்கே என்று அறியலாம்.

4. வாசலையும் சுற்றியுள்ள தோலையும் இளஞ்சூட்டு நீரால் துடையுங்கள். வெறும் நீரே போதும். டெட்டோல், ஸ்பிரிட், வாசனைச் சவர்க்காரம், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை தோலை எரிக்கும் அல்லது தட்டு ஒட்டாமல் செய்யும்.

5. தோலை ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்தில் தட்டு ஒட்டாது. தட்டை ஒட்டும்வரை வாசலின் மேல் ஒரு துணித் துண்டை வைத்திருந்தால் வழிவதைத் தடுக்கலாம்.

6. வாசலின் நிறத்தையும் தோலையும் கவனியுங்கள். பின்னர் அளந்து, தட்டிலுள்ள துவாரத்தை வாசலைவிட 2 முதல் 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். மிகப் பெரிதானால் தோல் வெந்துவிடும். மிகச் சிறிதானால் குடலை வெட்டும்.

7. பின் தாளை அகற்றி, கீழிருந்து மேலாக ஒட்டி, உள்ளங்கையின் சூடு படும்படி ஓரிரு நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அடியில் திறக்கும் பையாயின் கிளிப்பைப் பூட்ட மறவாதீர்கள்.

8. பழைய பையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டிக் கழிவுடன் சேருங்கள். மலசலகூடத்தில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மீண்டும் கைகளைக் கழுவுங்கள்.

முதல் சில தடவைகள் தாதி செய்வதைப் பாருங்கள். பின்னர் அவர் முன்னிலையில் நீங்களும் நோயாளியும் செய்து பழகுங்கள். வீடு வந்தபின் நோயாளி தாமாகவே செய்யக்கூடியவராயின் அவரையே செய்யவிடுங்கள். மனைவியோ மகளோ எல்லாவற்றையும் செய்து கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும், தனித்து வெளியில் போகும் துணிவை அது அவருக்குத் தராது.

தோல் சிவந்தால் என்ன செய்வது?

சுற்றியுள்ள தோல் வயிற்றின் மறுபக்கத் தோலைப் போன்றே இருக்க வேண்டும். சிவப்பு, ஈரக்கசிவு, புண் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் துவாரத்தின் அளவு பிழைப்பது அல்லது தட்டு சரியாக ஒட்டாதது. ஆகவே மருந்து தேடுமுன் அளவைச் சரிபாருங்கள். தட்டின் வடிவத்திலேயே தோல் சிவந்து அரித்தால் அந்த ஒட்டுப்பொருள் ஒவ்வாமையாக இருக்கலாம். புள்ளி புள்ளியாகச் சிவந்து அரித்தால் பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். இரண்டையும் கிளினிக்கில் காட்டுங்கள். ரோமம் இருந்தால் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டுங்கள். பிளேட்டால் வழிக்கும்போது ரோமக்கால்களில் புண் உண்டாகலாம்.

உணவும் நீரும்

கொலொஸ்டமி உள்ளவர் காலப்போக்கில் ஏறத்தாழ வழமையான சாப்பாட்டையே சாப்பிடலாம். அவருக்கு வரக்கூடிய தொல்லை மலச்சிக்கல். பழம், மரக்கறி, போதிய நீர் என்பன அதைத் தவிர்க்க உதவும்.

இலியோஸ்டமி உள்ளவரின் நிலை வேறு. பெருங்குடல் செய்த நீர் சேமிக்கும் வேலை இப்போது நடைபெறுவதில்லை. குடல் இசைவாக்கம் அடைந்த பின்னரும் நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை வெளியேறும். அதனுடன் உப்பும் போய்விடும். எனவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் பை நிறைவது நிற்காது. மாறாக உடல் வற்றி, சிறுநீரகம் பாதிக்கப்படும். நாவறட்சி, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாதல், எழும்பும்போது தலைசுற்று, கெண்டைக்கால் பிடிப்பு, சோர்வு என்பன இதன் அறிகுறிகள்.

வெளியேறும் அளவு கூடும் நாட்களில் வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடிப்பதும் போதாது. உப்பும் சீனியும் கலந்த நீரே குடலில் நன்கு உறிஞ்சப்படும். ஜீவனிப் பொதியை அதில் குறிப்பிட்டுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அது கிடைக்காதபோது ஒரு லீற்றர் நீரில் மட்டமாக அள்ளிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் நல்லது. செவ்விளநீர் குடிக்கலாம், ஆயினும் அதில் சோடியம் குறைவு என்பதால் அது ஜீவனிக்கு ஈடாகாது. சிறுநீரக நோய், இருதய நோய், உயர் குருதியமுக்கம் உள்ளவர்கள் இவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

சோறு, பாண், அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்பன வெளியேறுவதைச் சற்றுத் தடிப்பாக்கும். தேங்காய்ச் சொட்டு, கச்சான், சோளம், காளான், முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, அன்னாசி, தோடம்பழச் சக்கை போன்ற நார்ப்பொருள்கள் இலியோஸ்டமியின் ஒடுங்கிய வாசலில் அடைத்துக்கொள்ளலாம். முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு இவற்றைத் தவிர்த்து, பின்னர் ஒவ்வொன்றாக, சிறிதளவாக, நன்றாக மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். கோவா, வெங்காயம், பருப்பு வகை, சோடாப் பானங்கள் வாயுவைக் கூட்டும். முட்டை, மீன், உள்ளி மணத்தைக் கூட்டும். பீற்றூட் சாப்பிட்டபின் பையில் சிவப்பு நிறத்தைக் கண்டு இரத்தம் என்று பதற வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். வேளை தவறாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுவதே நல்லது. பட்டினி கிடந்தால் வாயுதான் கூடும்.

மருந்து விடயத்தில் கவனம்

எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், பாமசியில் மருந்து வாங்கினாலும், ஸ்டோமா உள்ளதைச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரைகளும் மேற்பூச்சுள்ள மாத்திரைகளும் இலியோஸ்டமியினூடாகக் கரையாமலே வெளியே வரலாம். பையில் முழு மாத்திரையைக் கண்டால் வைத்தியரிடம் கூறுங்கள். இலியோஸ்டமி உள்ளவருக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. கருத்தடை மாத்திரை பாவிக்கும் பெண்கள், அது முழுமையாக உறிஞ்சப்படுமா என்பதைக் கேட்டுத் தேவையாயின் வேறு முறைக்கு மாற வேண்டும்.

குழந்தைக்கு ஸ்டோமா இருந்தால்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் வயிற்றில் இவ்வாசலைக் காணும் தாயின் வேதனை சொல்லில் அடங்காது. ஆனால் மலவாயில் அமையாத குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் ஒரு படிதான். முதலில் வாசல் அமைத்து, குழந்தை தேறிய பின் மலவாயிலைச் சீர்செய்து, கடைசியில் வாசலை மூடுவார்கள். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இதற்கான சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ளது.

தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுங்கள். குழந்தை அழும்போது வாசல் சற்று நிறம் மங்கலாம், அழுகை நின்றதும் பழைய நிறம் திரும்ப வேண்டும். சிறிய பை கிடைக்காதவிடத்து, கொலொஸ்டமி உள்ள சிசுக்களுக்குத் தோலில் நாக ஒட்சைட்டுப் பூச்சைத் தடிப்பாகப் பூசி, துணி அணையாடை கட்டி அடிக்கடி மாற்றும் முறையும் உண்டு. அதை வைத்தியரின் அறிவுரையுடன் செய்யுங்கள். குழந்தையின் உடலில் நீர் மிக விரைவில் வற்றிவிடும். பை வழமையைவிட வேகமாக நிறைந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• வாசல் கருஞ்சிவப்பு, ஊதா அல்லது கறுப்பு நிறமாக மாறுதல்.

• இலியோஸ்டமியிலிருந்து 4 முதல் 6 மணித்தியாலங்களாக எதுவும் வராமல், வயிற்றுப் பிடிப்பும் வாந்தியும் ஏற்படுதல்.

• கொலொஸ்டமியில் மலமும் வாயுவும் வராமல் வயிறு ஊதி, வாந்தி ஏற்படுதல்.

• உள்ளிருந்து இரத்தம் வருதல் அல்லது அழுத்தியும் கசிவு நிற்காதிருத்தல்.

• நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெளியேறுதல், உடல் வற்றும் அறிகுறிகள் தோன்றுதல்.

• குடல் திடீரென நீண்டு வெளியே தள்ளுதல் அல்லது வாசல் உள்ளே அமிழ்ந்து போதல்.

• வாசலைச் சுற்றி வீக்கம் தோன்றி வலித்தல்.

இவ்வாறான வேளையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, 2016இல் ஆரம்பிக்கப்பட்ட சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையைப் பெறலாம். நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் ஒரு மாற்றுப் பையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

பெண்கள் தந்த கொடை

இன்று உலகெங்கும் பயன்படும் ஒட்டும் பையின் பின்னால் ஒரு பெண்ணின் பரிவு இருக்கின்றது. டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸ் சோரென்சன் ஒரு தாதி. அவருடைய சகோதரிக்கு ஸ்டோமா அமைக்கப்பட்டது. கசிவுக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியேறவே தயங்கிய சகோதரிக்காக, தோலில் ஒட்டக்கூடிய ஒரு பையை அவர் 1954இல் சிந்தித்தார். பிளாஸ்ரிக் உற்பத்தியாளரான ஓகே லூயிஸ் ஹான்சன் என்பவர், தாதியாக இருந்த தம் மனைவியின் தூண்டுதலால் அதைச் செய்து கொடுத்தார்.

அமெரிக்காவில் தாமே இலியோஸ்டமியுடன் வாழ்ந்த நோர்மா கில் என்ற பெண்மணி, 1958இல் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணர் ரூப்பர்ட் டேர்ன்புல்லுடன் இணைந்து ஏனைய நோயாளிகளுக்கு வழிகாட்டத் தொடங்கினார். ஸ்டோமா பராமரிப்பு ஒரு தனித் துறையாக வளர்ந்தது அதிலிருந்துதான்.

அன்றாட வாழ்வில் எழும் கேள்விகள்

குளிக்கலாமா? தாராளமாக. பையுடனும் குளிக்கலாம், பையின்றியும் குளிக்கலாம். வாசலினூடாக நீர் உள்ளே போகாது. குழாய் நீரை நேரடியாக வேகமாக அதில் பாய்ச்சாமல் இருந்தால் போதும்.

வேலை செய்யலாமா? முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை போன்ற பாரங்களைத் தூக்கக் கூடாது. தூக்கினால் வாசலின் அருகே குடலிறக்கம் ஏற்படலாம். இருமும்போதும் தும்மும்போதும் கையால் வயிற்றைத் தாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் பெரும்பாலானோர் தம் தொழிலுக்குத் திரும்பலாம்.

இல்லறத்துக்குத் தடையா? இல்லை. உடல் தேறியபின் வழமையான வாழ்வைத் தொடரலாம். முன்கூட்டியே பையை வெறுமையாக்கி, ஒரு துணி உறையால் மூடிக்கொண்டால் மனச் சங்கடம் குறையும். கர்ப்பம் தரிக்கவும் முடியும். வயிறு வளரும்போது வாசலின் அளவு மாறும் என்பதால் அளவை மீண்டும் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே மகப்பேற்று வைத்தியரிடமும் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் தெரிவிக்க வேண்டும். மலக்குடல் சத்திரசிகிச்சையின் பின் சிலருக்கு உறவின்போது வலி ஏற்படுவதுண்டு. வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வழிபாட்டுக்கும் விசேடங்களுக்கும் போகலாமா? போகலாம். புறப்படுமுன் பையை வெறுமையாக்கி, மாற்றுப் பையும் துணியும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒட்டிய பையிலிருந்து மணம் வெளியே வராது. இலியோஸ்டமி உள்ளவர் நோன்பு, விரதம் அனுட்டிக்க விரும்பினால் உடல் வற்றும் அபாயம் உண்டென்பதால் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பை வாங்க வசதியில்லையே? பைகள் மலிவானவை அல்ல. சங்கடத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரே தட்டை நாட்கணக்கில் ஒட்டி வைக்காமல், சிகிச்சை பெற்ற வார்ட்டின் தாதியிடமும் கிளினிக்கிலும் பேசுங்கள். அயலில் இந்நிலையில் ஒருவர் இருப்பதை அறிந்தால், பார்க்கப் போகும்போது பழப் பையுடன் ஒரு ஸ்டோமா பையின் விலையையும் கொடுத்துதவலாம்.

நோயாளியின் முன் மூக்கைப் பொத்துவதும், முகம் சுளிப்பதும், அவருக்கெனத் தனிப் பாயும் தனிக் கோப்பையும் ஒதுக்குவதும் அவரை நோயைவிட அதிகமாக வருத்தும். ஸ்டோமா தொற்றுநோய் அல்ல. அடைபட்டுப்போன குடலுக்கு, அழுகிப்போன குடலுக்கு, பாதையின்றிப் பிறந்த ஒரு சிசுவின் குடலுக்கு வழிகாட்டும் வாசல் அது. அது எந்தக் குடலின் வாசல் என்பதை அறிந்து, தோலைக் காய்ந்ததாகவும் உடலை நீர் வற்றாததாகவும் வைத்திருந்தால், அந்த வாசலுடனேயே அவர் நெடுங்காலம் நம்முடன் சேர்ந்து உண்டு, உழைத்து, சிரித்து வாழலாம்.